இரண்டாவது இன்கிரெடிபிள்ஸ் முதலாவதைத் தொட்டதா?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 13

இன்கிரெடிபிள்ஸ், அந்தச் சூப்பர் ஹீரோக் குடும்பத்தின் பிக்சார் அனிமேஷன் படம், மூன்றாம் பாகம் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு முதல் ஒரு விசயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்கிரெடிபிள்ஸ் 2 முதற்படத்தைவிட நல்ல படம். சிரிப்புக் கூட, சண்டை கூட, வசூலும் இரட்டிப்பு. இல்லை என்கிறவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

2024 ஆகஸ்ட் 13, இரவு

இல்லை.

வசூலை முதலில் ஒதுக்கி வைப்போம். 2004இல் வந்தது ஏறத்தாழ 63 கோடி டொலர் எடுத்தது. 2018இல் வந்தது 124 கோடிக்கு மேல். பதினான்கு வருடம் காத்திருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அந்தக் காசில் பாதி முதற்படம் சம்பாதித்துக் கொடுத்த காசு.

சிரிப்புக்கு வருகிறேன். சூப்பர் ஹீரோக்களைச் சட்டம் தடுத்துவிட்ட காலம், முதற்படத்தில் குடும்பத்தின் தகப்பன் பொப் ஒரு இன்சூரன்ஸ் கந்தோரில் இருக்கிறான். ஒரு காலத்தில் ரயிலையே நெஞ்சால் நிறுத்தியவன். இப்போது அவனுடைய தோளுக்கு அந்த அறை காணாது, மேசை காணாது, வீட்டுக்குப் போகிற கார் காணாது. அந்தச் சின்னக் காருக்குள் அவன் மடங்கி ஏறுகிற காட்சிக்கு எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய வாழ்க்கை முழுதும் விளங்கிவிடும். பகிடியும் கதையும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இரண்டாவது படத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த இடம் எது? அவர்களுடைய கைக்குழந்தை ஜாக்-ஜாக்கும் முற்றத்துக்கு வந்த ரக்கூனும் போடுகிற சண்டை. அருமையான சண்டை. ஆனால் அதை அப்படியே வெட்டி எடுத்துவிட்டாலும் கதை ஒரு அங்குலம்கூட நகராது.

2024 ஆகஸ்ட் 14

நேற்று அவசரத்தில் விட்டது.

எங்கள் தமிழ்ப் படங்களில் ஒரு காலம் இருந்தது. கதாநாயகன் கதை ஒரு பக்கம் போகும், கவுண்டமணியும் செந்திலும் இன்னொரு பக்கம் போவார்கள். கரகாட்டக்காரனின் வாழைப்பழத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தாலும் சிரிப்பு வரும், படம் தெரியத் தேவையில்லை. அது ஒரு வகை. திருவிளையாடலில் நாகேஷ் தருமியாக வந்து கோயிலுக்குள் புலம்புகிறாரே, அது வேறு வகை. அந்தப் புலம்பலை வெட்டினால் நக்கீரன் சண்டையே வராது, கதை முறிந்துவிடும்.

முதல் இன்கிரெடிபிள்ஸ் தருமி வகை. இரண்டாவது வாழைப்பழ வகை. நான் சொல்ல வந்தது இதுதான், நேற்று இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

வாழைப்பழத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். அதை நூறு தரமாவது பார்த்திருப்பேன்.

2024 ஆகஸ்ட் 16, நல்லூரால் வந்த பிறகு

முதற்படம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் பார்த்தது என்பதால்தானே என்கிறார். அதுவும் உண்டு. முழுக்க அது இல்லை.

2005இல் எனக்குப் பதினொரு வயது. சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 வீதி திறந்திருந்தது, கொழும்பிலிருந்து பஸ்ஸிலும் லொறியிலும் எல்லாம் வந்தது. டவுனில் சந்துக்குச் சந்து சிடி கடை. அப்பா ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது அந்த டிஸ்க்கை வாங்கி வந்தார். மேலட்டையில் சிவப்புச் சட்டைக் குடும்பம். கார்ட்டூன் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கியது. வசனம் பாதிக்கு மேல் எங்களுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த அக்கா இடைக்கிடை சொன்னாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி. இளவயதில் ஊர்க் கழகத்துக்குக் கரப்பந்து ஆடியவர். வலைக்கு மேலே கை முழங்கை வரை தெரியும் என்று இன்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். 95இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்ததோடு கழகமும் போனது, கிண்ணங்களும் போயின, ஒரே ஒரு படம் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அவர் கணக்கு எழுதுகிற வேலைக்குப் போனார். அவருடைய மேசையை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் உள்ளே போகாது, கதிரையைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு இருப்பார்.

பொப் அந்த அறைக்குள் உட்கார்ந்திருக்கிற காட்சி வந்தபோது அப்பா சிரித்த சிரிப்பு எங்களைப் பயப்படுத்தியது. கண்ணால் தண்ணி வரச் சிரித்தார். காசு கிடைக்காமல் அழுகிற ஒரு கிழவிக்குப் பொப் மெல்லமாக எந்தப் படிவத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று வழி சொல்லிக் கொடுப்பான். அதற்கு அப்பா சிரிக்கவில்லை. “ஓம், அப்பிடித்தான் செய்யவேணும்” என்றார். அவரும் அதைச் செய்து மேலிடத்தில் பேச்சு வாங்கியவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

2024 ஆகஸ்ட் 17

மேலே எழுதியதை அக்கா வாசித்துவிட்டுப் போன் எடுத்தாள். ஒன்றை விட்டுவிட்டாயாம்.

விமானக் காட்சி. பொப்பின் மனைவி ஹெலன் விமானம் ஓட்டிக்கொண்டு போகிறாள், பிள்ளைகள் இரண்டும் ஒளிந்து வந்திருக்கின்றன. தீவிலிருந்து ஏவுகணைகள் வருகின்றன. உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், நிறுத்துங்கள் என்று அவள் ரேடியோவில் கத்துகிறாள். பதில் இல்லை. அப்போது அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். ரிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அங்கிருந்தே கேட்டாள். அக்காவுக்கு அது நல்ல ஞாபகம். எனக்குக் கதவுத் திரை ஆடியது மட்டும்தான் ஞாபகம்.

பிறகு ஒரு குகைக்குள் ஹெலன் பிள்ளைகளிடம் சொல்வாள்: இவர்கள் நீங்கள் சனிக்கிழமைக் கார்ட்டூனில் பார்க்கிற கெட்டவர்கள் மாதிரி இல்லை, சின்னப் பிள்ளை என்று பார்க்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள். ஒரு கார்ட்டூனுக்குள் ஒரு தாய் அப்படிச் சொல்கிறாள். அக்கா அந்த வரியைத் தமிழில் சொல்லவில்லையாம். சொல்லாமலே எங்களுக்கு விளங்கியது.

இந்தப் படத்தில்தான், கொஞ்ச நேரத்தில், மின்னல் வேகத்தில் ஓடுகிற மகன் டாஷ் தண்ணிக்கு மேலே ஓடுகிறான். தான் தண்ணிக்கு மேலே ஓடுகிறேன் என்று தெரிந்து சிரிக்கிறான். எவ்வளவு பயந்தோமோ அவ்வளவுக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. இரண்டாவது படத்தில் யாரும் எழும்பிக் குசினிக்குப் போகவில்லை. கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதற்குள் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 19

திருத்தம். ஜாக்-ஜாக்கின் சக்தி இரண்டாவது படத்தில் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று இன்னொரு இடத்தில் எழுதியிருந்தேன். பிழை. முதற்படத்தின் கடைசியில் வில்லன் சின்ட்ரோம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போதே அது நெருப்பாகும், இரும்பு மாதிரிக் கனக்கும், குட்டிப் பேயாக மாறும். நாங்கள் பார்த்தோம். தாய் தகப்பனுக்குத்தான் தெரியவில்லை. அந்த விதையைப் பதினான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்து முளைக்கவிட்டிருக்கிறார்கள். ஹெலன் வேலைக்குப் போவதும் பொப் வீட்டில் நிற்பதும், ஜாக்-ஜாக்கின் சக்தியும் முதற்படம் முடித்த கையோடே தன் தலையில் இருந்தவை என்று இயக்குநர் பிராட் பேர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இடையில் அவர் ரட்டட்டூயி செய்யப் போனார், பிறகு டொம் குரூஸின் படம் ஒன்று.

ஹீரோக்களுக்கு உடுப்புத் தைக்கிற எட்னாவுக்குக் குரல் கொடுப்பதும் அதே பிராட் பேர்ட்தான். இது தெரியாமல் யாராவது இருந்தால் திரும்பப் போய் அந்தக் குரலைக் கேளுங்கள்.

2024 ஆகஸ்ட் 25

ஒரு வரி. தோளில் தொங்குகிற துணி வேண்டாம் என்று எட்னா சத்தம் போடுவாள், அதனால் செத்த ஹீரோக்களை ஒவ்வொருவராய்ச் சொல்வாள். சிரிப்போம். படத்தின் கடைசியில் சின்ட்ரோம் அந்தத் துணியாலேயே விமான இயந்திரத்துக்குள் இழுபட்டுச் சாகிறான். தருமி வகை என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

2024 செப்டம்பர் 3

திருவிழா முடிந்தது. அப்பா பத்து நாளாக எங்கள் வீட்டில்தான். இந்த விவாதத்தை அவரிடம் சொன்னேன். அவர் கேள்வி கேட்டவரின் பக்கம்.

“இரண்டாவதுதான் நல்லது. முதலாவதில அவன் வேலைக்குப் போறான், அடிபடுறான். இரண்டாவதிலதான் அவனுக்கு உண்மையான வேலை.”

இதை யோசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. 2018இல் அக்காவின் மகனுக்குப் பத்து மாதம். அந்த மாதம்தான் அக்கா வேலைக்குத் திரும்பினாள். அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து கட்டில். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த அப்பாதான் குழந்தையோடு. வலைக்கு மேலே பந்தை அடித்த அந்தக் கையால் பால்மா கரைத்தார், பம்பர்ஸ் மாற்றினார். பகல் முழுதும் நித்திரை கொள்ளாத பிள்ளை அது. அக்கா மத்தியானம் போன் எடுத்தால் “ஒரு பிரச்சினையும் இல்லை, பிள்ளை படுத்திட்டான்” என்பார். பின்னால் பிள்ளை கத்துகிற சத்தம் கேட்கும்.

படத்தில் ஹெலன் வெளியூரில் இருந்து போன் எடுக்க, தாடி வளர்ந்து கண் கறுத்த பொப் எல்லாம் நல்லாயிருக்கு என்று பொய் சொல்வானே, அதே காட்சி. என் லப்டொப்பில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது அக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா திரையை மட்டும் பார்த்தார்.

வாழைப்பழ வகை என்று நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஜாக்-ஜாக் ரக்கூனோடு போடுகிற சண்டை வாழைப்பழம்தான். பொப்பின் களைப்பு அப்படி இல்லை. டாஷின் கணக்குப் பாடம் முறை மாறிவிட்டது என்று கோபப்பட்டவன், பிறகு இரவிரவாக முழித்துப் படித்து விடியக் காலமை பிள்ளையை எழுப்பிச் சொல்லிக் கொடுக்கிறான். அது கதைதான். அதற்கு நான் சரியான மதிப்புக் கொடுக்கவில்லை.

2024 செப்டம்பர் 4

அப்படியென்றால் தோற்றுவிட்டீர்களா என்று கேட்டவருக்கு: இல்லை. வீட்டுக்குள் நடக்கிற பாதிப் படம் முதற்படத்துக்குச் சமம். வெளியில் நடக்கிற பாதிதான் சமமில்லை. ஹெலன் அந்த மோட்டார் சைக்கிளில் ரயிலைத் துரத்துவது பார்க்க நல்ல வடிவு, 2004இல் அப்படிச் செய்திருக்க முடியாது. அந்த நாளில் மகள் வயலட்டின் நீண்ட தலைமயிரை அசைய வைப்பதே அவர்களுக்குப் பெரும் பாடு. ஆனால் ஹெலனுக்கு அந்த ரயிலில் இழக்க ஒன்றுமில்லை. முதற்படத்தில் ரப்பர் மாதிரி நீளுகிற அவள் உடம்பு மூன்று நாலு கதவுகளுக்கிடையில் இழுபட்டு மாட்டிக்கொள்ளும். சிரித்துச் சாவோம், அதே நேரம் காவலாளி வந்துவிடுவானோ என்று நெஞ்சு அடிக்கும். புருசன் என்ன செய்கிறான் என்று தேடி வந்த பெண் அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

2024 செப்டம்பர் 21, இரவு

இன்று தேர்தல். பத்து மணிக்கு ஊரடங்கு என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா வாசல் கதவை ஒரு தரம் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள். முடிவு வரும்வரை நித்திரை வராது என்று நான் இரண்டாவது படத்தைத் திரும்பப் போட்டேன். விசயம் ஒன்று கிடைத்தது.

வில்லி எவெலின். அவளுடைய கோபம் எதிலிருந்து வந்தது? வீட்டுக்குள் திருடர்கள் வருகிறார்கள். அவளுடைய அப்பா பாதுகாப்பு அறைக்குள் போயிருக்கலாம். போகவில்லை. நேரடித் தொலைபேசியை எடுத்துச் சூப்பர் ஹீரோக்களைக் கூப்பிடுகிறார். ஹீரோக்களைச் சட்டம் தடுத்துவிட்ட காலம், யாரும் எடுக்கவில்லை. காத்துக்கொண்டு நின்றவரைச் சுட்டுவிடுகிறார்கள். யாரோ வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பியதால்தான் அப்பா செத்தார் என்பது எவெலின். ஹீரோக்களைத் தடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது அவளுடைய சகோதரன் வின்ஸ்டன்.

இன்றைக்கு அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். யாராவது வருவார்கள் என்று காத்திருப்பது எங்களுக்குத் தெரியும். வருவார்கள் என்றவர்களும் வரமாட்டார்கள் என்றவர்களும் ஒரே பங்கருக்குள் இருந்து சண்டை பிடித்ததும் தெரியும். பதினான்கு வருடத்துக்குப் பிறகு எங்களுக்கென்றே எழுதியது போல ஒரு கதை, படத்தின் நடுவில் கிடக்கிறது.

அதை என்ன செய்தார்கள்? முதற் சந்திப்பில் வின்ஸ்டனின் வாயால் ஒரு நிமிடம் சொல்ல வைத்தார்கள். முடிந்தது. சின்ட்ரோம் அப்படி இல்லை. பிறகு சின்ட்ரோம் ஆகப்போகிற பட்டி என்ற சின்னப் பொடியன் ஆசையோடு வந்து நிற்பதையும், பொப் அவனைத் துரத்திவிடுவதையும் எங்கள் கண்ணால் பார்த்தோம். பிழை எங்கள் ஹீரோவின் மேல் இருந்தது. அதனால் அவன் திரும்பி வரும்போது அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எவெலினின் காயத்தைக் காதால் மட்டும் கேட்டோம். அந்தக் காயத்தில் ஹெலனுக்கோ பொப்புக்கோ ஒரு பங்கும் இல்லை.

முகமூடிக்குப் பின்னால் அவள்தான் இருக்கிறாள் என்பது பாதியிலேயே தெரிந்துவிடுவது பெரிய குறை என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அது பெரிதில்லை. தெரிந்த வில்லியை வைத்தே நல்ல படம் எடுக்கலாம்.

2024 செப்டம்பர் 22

நேற்றைய பதிவு ஒருபக்கமாகப் போய்விட்டது. ஒரு நியாயமும் சொல்லவேண்டும். இந்தப் படம் முதலில் 2019 ஜூனுக்கு என்று குறித்திருந்தது. 2016இல் பிக்சாரின் இன்னொரு படமான டோய் ஸ்டோரி 4 தயாராகாததால் இரண்டையும் இடம் மாற்றினார்கள். பிராட் பேர்ட்டுக்கு ஒரு முழு வருடம் குறைந்தது. வில்லிதான் அவர் கடைசிவரை மாற்றி மாற்றி எழுதிய பகுதி. அந்த வருடம் இருந்திருந்தால் தொலைபேசியோடு காத்திருந்த அந்த மனிதனை நாங்கள் கண்ணால் பார்த்திருப்போமோ என்று நினைக்கிறேன். நினைக்க ஆசையாக இருக்கிறது.

2024 ஒக்டோபர் 6

ஒஸ்கார் பற்றி யாரோ கிளறியிருக்கிறார்கள். முதற்படம் இரண்டு எடுத்தது, சிறந்த அனிமேஷன் படத்துக்கும் ஒலித்தொகுப்புக்கும். இரண்டாவது பரிந்துரையில் இருந்தது. அந்த வருடம் ஸ்பைடர்மேன் அனிமேஷன் படம் கொண்டுபோனது. நியாயமான தோல்வி.

2024 டிசம்பர் 28

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். முதற்படம் முடிந்த அதே நிமிடத்தில் இரண்டாவது தொடங்குவது பெரிய துணிச்சல் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். நிலத்தைத் துளைத்துக்கொண்டு அண்டர்மைனர் என்ற வில்லன் எழும்புவதோடு முதலாவது முடியும், அதே சண்டையில் இரண்டாவது தொடங்கும்.

ஆனால் எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடினார்கள். புது டிஸ்க் வருவது நின்றது. கரண்ட் வருகிற நேரத்தில் இருந்ததையே திரும்பத் திரும்பப் போட்டோம். கீறல் விழுந்து அண்டர்மைனர் வாய் திறக்கிற இடத்தில் படம் நின்றுவிடும். அவன் என்ன சொல்கிறான் என்று பல வருடம் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. 2018இல் லப்டொப்பில் அதே இடத்திலிருந்து படம் ஓடத் தொடங்கியது. டாஷுக்கு அதே வயது. வயலட் அதே உடுப்பில். எனக்கு இருபத்துநாலு வயது, எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு பூட்டிக் கிடந்தது.

முதற் பத்து நிமிடம் என்ன நடந்தது என்றே நான் கவனிக்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் படத்துக்குக் குறை சொல்ல மாட்டேன்.

2025 ஜூன் 24

மூன்றாவதைப் பீட்டர் சோன் இயக்குகிறாராம், எலிமெண்டல் எடுத்தவர். கதை பிராட் பேர்ட்தான் எழுதுகிறார். எனக்கு இரண்டு ஆசை. பிள்ளைகள் வளர்ந்திருக்க வேண்டும். வில்லன் யாராக இருந்தாலும் அவனுக்கு என்ன நடந்தது என்பதைக் கண்ணால் காட்டவேண்டும்.

2025 ஜூன் 29, ஞாயிறு

நேற்று அக்காவின் மகனை இருத்தி இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டோம். இப்போது அவனுக்கு எட்டு வயது நடக்கிறது. அப்பா, அம்மா, அக்கா, நான் எல்லோரும் விறாந்தையில். விமானக் காட்சிக்கு அம்மா எழும்பவில்லை. அவனுடைய தலையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். அவன் தலையை விலக்கி விலக்கிப் பார்த்தான்.

முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்கியபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏன் டாஷின்ர குரல் மாறிப்போச்சு?”

முதலில் குரல் கொடுத்த பொடியன் வளர்ந்து ஆளாகிவிட்டான், இது வேறு பிள்ளை என்று நான் தொடங்குவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“தண்ணிக்கு மேல ஓடினவனல்லோ. தடிமன் பிடிச்சிருக்கும்.”

அவன் அதை ஏற்றுக்கொண்டு படத்தைப் பார்த்தான்.